மழை படாத பாசி

நெல்டாவைப் பற்றி யாராவது கேட்டால் மிரேயா முதலில் சொல்வது லாஞ்சுப் படகில் நடந்த பேச்சைத்தான். அதில் ஒரு வரியும் அவளுக்கு மறக்கவில்லை.

ஜூன் மாதக் காலை; பூமியின் தென்கோடியில் அது குளிர்காலம். கண்ணாடியில் மழை அறைந்துகொண்டிருந்தது. பெல்தாவ் தீவுக்குப் போகும் லாஞ்சில், பெரிய பிளாஸ்டிக் சுருள் ஒன்றைக் கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்தபடி, நகராட்சி விவசாய அலுவலகத்தில் வேலை பார்க்கும் மிரேயா உட்கார்ந்திருந்தாள். எதிர்ப் பலகையில் வெள்ளை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். மிரேயாவையும் சுருளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“யாருக்குப் புள்ள இம்புட்டுப் பெரிய மழைக்கோட்டு?”

“மழைக்கோட்டு இல்லங்க. பசுமைக்குடில் போடறதுக்கு. பெல்தாவுல நெல்டா கெந்தேயோன்னு ஒருத்தங்களுக்கு.”

“ஓ, அவளுக்கா. அவள உனக்குத் தெரியுமா?”

“இல்லங்க. இனிமேதான் பாக்கணும்.”

“அப்ப நான் சொல்றத கேட்டுக்கோ. நல்ல வேலைக்காரி. ஆனா வாய் நீளம். புருஷன் பேச்சக் கேக்க மாட்டா. காபி கேட்டா குடுப்பா, ரெண்டாவது தடவ சர்க்கரை கேட்டா மொறைப்பா.”

மிரேயா அதிகம் பேசிப் பழகாதவள். தலையை மட்டும் ஆட்டினாள்.

“அவளுக்கெல்லாம் எதுக்கு நகராட்சி குடில் குடுக்குது?”

“மனு நல்லா எழுதியிருந்தாங்க.”

“அப்பிடி என்ன எழுதிட்டா?”

“அக்டோபர் மொத சனிக்கிழமை அச்சாவ் சந்தையில மேசை நெறைய கீரை வெச்சாகணும், குளிருக்குள்ளயே வெதைக்கலன்னா அது நடக்காதுன்னு.”

அந்தப் பெண் கையுறையைக் கழற்றி வலது கையை நீட்டினாள். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. யாரும் கேட்காமலே மடக்கிக் காட்டினாள். விரல்கள் பாதியில் நின்றுவிட்டன.

“இந்தக் கைதான் எழுதுச்சு. எழுத்து கோணலா இருந்திருக்குமே?”

“கொஞ்சம்,” என்றாள் மிரேயா.

நெல்டா சிரித்த சிரிப்பில் லாஞ்சு ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்தார்.

அந்தக் கை சால்மன் மீன் ஆலையில் பதினொரு வருஷம் வேலை செய்த கை. பனிக்கட்டிமேல் வரும் மீன் துண்டுகளிலிருந்து இடுக்கியால் முள் பிடுங்கும் வரிசையில் நெல்டா நின்றாள். அக்டோபரில் ஆலை ஆள் எடுக்கும், ஜூனில் அனுப்பிவிடும். தீவில் பாதிப் பெண்களுக்கு அதுதான் வருஷத்தின் கணக்கு. நெல்டா அதைக் குறையாகச் சொன்னதில்லை. மகனைப் பெருநிலத்துக்கு அனுப்பிப் படிக்கவைத்தது அந்த இடுக்கிதான். ஆனால் அந்த வருஷம் மருத்துவர் அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு சீசன் பனிக்கட்டியில் நின்றால் கரண்டி பிடிக்கவும் வராது என்றார்.

அதே சமயத்தில் அச்சாவ் ஊர்ச் சந்தையில் ஒரு மேசை காலியானது. முப்பது வருஷமாக அங்கே உருளைக்கிழங்கு விற்றவள் மகள் வீட்டோடு போய்விட்டாள். சந்தைப் பெண்களின் சங்கத்துக்குத் தலைவி எர்மினியா. அவள் நெல்டாவிடம் நிபந்தனை ஒன்றுதான் சொன்னாள். அக்டோபரில் நாலு சனிக்கிழமை, மேசைமேல் சொந்தத் தோட்டத்துப் பச்சை இருக்க வேண்டும். ஒரு வாரம் காலியாகக் கிடந்தால் பட்டியலில் அடுத்த பெயர்.

உருளைக்கிழங்கும் போன வருஷத்துப் பூண்டும் எல்லா மேசையிலும் இருக்கும். அக்டோபர் தொடக்கத்தில் புதுக்கீரை யாரிடமும் இருக்காது. வடக்கிலிருந்து லாரியில் வரும் கீரை, படகிலிருந்து இறங்கும்போதே தலை தொங்கியிருக்கும். எர்மினியா அந்த நிபந்தனையைச் சும்மா வைக்கவில்லை.

குடில் ஒரே வாரத்தில் எழுந்தது. நெல்டாவின் கணவன் ருபெர்த்தோ படகுத் தச்சன். பத்தடி அகலம், இருபதடி நீளத்தில் சட்டம் அடித்துப் பிளாஸ்டிக்கை இழுத்துக் கட்டினான். “கவுத்துப் போட்டா கடல்ல ஓடும்,” என்று சொல்லிக்கொண்டான்.

ஜூலை நடுக்குளிரில், கடல் வெகுதூரம் உள்வாங்கிய பெரிய வற்றத்தன்று நெல்டா கடற்கரைக்கு இறங்கினாள். வடகாற்று ஒதுக்கிய பச்சைப் பாசியை வாரி, மூட்டை மூட்டையாகக் கைவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து குடிலுக்குள் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினாள். அந்தத் தீவுகளில் உரமாகப் பாசி போடாமல் யாரும் மண்ணைத் தொடுவதில்லை. மிரேயாவின் அம்மா பக்கத்துத் தீவில் அதைத்தான் செய்கிறாள். மேற்பார்வைக்கு வந்த மிரேயா, பாசிமேல் பூட்ஸோடு நின்று, “நல்ல கனமா போட்டிருக்கீங்கக்கா,” என்றாள்.

ஆகஸ்ட் முதல் வாரம் பாசியைக் கொத்திக் கலந்துவிட்டு நெல்டா விதைத்தாள். பட்டாணி, சாலட் கீரை, கொத்தமல்லி, சின்னச் சிவப்பு முள்ளங்கி, ஓரமாக ஒரு வரிசை அகல இலை அசெல்காக் கீரை. வெளியே உறைபனி, உள்ளே மூச்சுவிட இதமாக இருந்தது. பத்து நாளில் எல்லாம் முளைத்துவிட்டன. ருபெர்த்தோ காபிக் கோப்பையோடு தினமும் காலையில் உள்ளே போய் நின்றான். தோட்டம் பார்க்கப் போவதாகச் சொன்னான். குளிர்காயத்தான் போகிறான் என்றாள் நெல்டா.

ஆகஸ்ட் இருபத்துநாலாம் தேதி நெல்டா போன் செய்தாள். மதியமே மிரேயா வந்து சேர்ந்தாள்.

பட்டாணியின் இலை ஓரங்கள் தீயில் காட்டியதுபோல் பழுப்பாகிச் சுருண்டிருந்தன. சாலட் கீரை மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. முள்ளங்கி வரிசையில் பாதிதான் உயிரோடு இருந்தது.

“பனியா இருக்கும்க்கா.”

“பிளாஸ்டிக்குக்கு உள்ளயா? வெளிய என் பூண்டு ஜம்முனு நிக்குது. எனக்கு மட்டும் தனியா அளந்து பேஞ்சுச்சா?”

மிரேயா குனிந்து பார்த்தாள். அசெல்கா வரிசை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் பளபளத்தது. பனி ஒரு வரிசையை மட்டும் விட்டுவிட்டுப் போகாது. மண்ணின் மேல் மாவு தூவியதுபோல் மெல்லிய வெள்ளை. நெல்டா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். முகம் மாறவில்லை. இன்னொரு சிட்டிகை எடுத்து மிரேயாவிடம் நீட்டினாள்.

“தின்னு பாரு.”

உப்பு.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பாசி எப்போதும் திறந்த வயலில் கிடக்கும். மாதக்கணக்கில் மழை அடித்து உப்பைக் கழுவி இறக்கிவிடும், பிறகுதான் விதைப்பார்கள். குடிலுக்குள் ஒரு சொட்டு மழை விழவில்லை. நெல்டா கைவாளியால் தெளித்த தண்ணீர் உப்பைக் கரைத்தது; வெயில் சூடு அதை மேலே இழுத்துவந்து வேரில் வைத்தது. கடலோரத்தில் பிறந்த செடிக் குடும்பம் என்பதால் அசெல்கா மட்டும் தாங்கிக்கொண்டது.

மிரேயா உப்பு மண்ணைப் பற்றிப் பரீட்சை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். ஆனால் புத்தகத்தில் இருந்த உப்பும், அம்மா வருஷா வருஷம் வாரிப்போடும் பாசியும் அவள் தலைக்குள் ஒருநாளும் சந்தித்ததில்லை.

“நான் பாத்தேன்க்கா. பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னேன்.”

“நீ சொல்லலன்னாலும் போட்டிருப்பேன். எங்க அம்மா போட்டா, அவ அம்மா போட்டா.” நெல்டா கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தாள். “இத்தன வருஷமா பாசி போட்டது நாமன்னு நெனச்சிருக்கோம். பாதி வேலைய மழைதான் பாத்திருக்கு. கூலியும் கேக்கல, வாயத் தெறந்து சொல்லவும் இல்ல.”

அக்டோபர் முதல் சனிக்கிழமைக்கு நாற்பத்தொரு நாள் இருந்தது.

“எர்மினியாம்மாவுக்கு நான் கடிதாசு தரேன்,” என்றாள் மிரேயா. “பனியில போச்சுன்னு எழுதறேன். இயற்கைச் சேதம்னா மேசைய உங்களுக்காக ஒரு மாசம் நிறுத்தி வெப்பாங்க.”

நெல்டா யோசித்தாள். அந்த யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“இந்த வாரம் பனியே இல்லன்னு சந்தையில அத்தன பேருக்கும் தெரியும். ரெண்டாவது, அக்டோபர்ல பேக்டரிலேந்து கூப்புடுவாங்க. அப்ப என் கையில மேசை இருக்கணும். மேசை நவம்பர்ல வரும்னு காகிதத்த வெச்சுக்கிட்டு நான் அவங்களுக்கு மாட்டேன்னு சொல்ல மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். பூட்ஸ மாட்டிக்கிட்டுப் போயிருவேன்.”

பாசியை எல்லாம் வாரி வெளியே கொட்டிப் புது மண் போடலாம் என்றான் ருபெர்த்தோ. இருபது அடிக்கும் மண்வெட்டியோடு நடந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்றும் அவனே சொன்னான். பிளாஸ்டிக்கைக் கழற்றி மழையை உள்ளே விடலாம் என்றாள் மிரேயா. விடலாம், ஆனால் உப்பு இறங்கச் செப்டம்பர் முழுக்க ஆகும். வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் மரத்தைத் தாண்டிப் போன வருஷத்து உருளைக்கிழங்கு நிலம் சும்மா கிடந்தது. ஒரு வருஷ மழை குடித்த, பாசி மக்கிய கறுப்பு மண். அங்கே விதைத்தால் முளைக்கும், ஆனால் குளிரில் வளராது.

“மண்ணு அங்க நல்லாருக்கு. குடிலு இங்க இருக்கு,” என்றாள் நெல்டா.

பக்கத்து வீட்டு எலியாசர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார். “ஏம்மா நெல்டா, எங்க மாமனார் வீட்ட மாடியோட, அடுப்போட, மாடு கட்டிக் கரைக்கு இழுத்து, படகு கட்டி விரிகுடாவத் தாண்டிக் கொண்டுபோனோம். அடுப்புல கெட்டில் கூட ஆறல. இந்தப் பிளாஸ்டிக்கு டப்பாவுக்குப் போய் மூணு பேரு மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க.”

ருபெர்த்தோ நெல்டாவைப் பார்த்தான். “ஏன், தூக்கிட்டா போச்சு.”

அந்தத் தீவுகளில் வீட்டை இடம் மாற்ற ஊரைக் கூப்பிடுவது வழக்கம்தான். அதை மிங்கா என்பார்கள். வருகிறவர்களுக்குக் கூலி கிடையாது, வயிறு நிறையச் சாப்பாடு உண்டு. ஆனால் பசுமைக்குடிலுக்கு யாரும் மிங்கா வைத்ததில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை முழுக்கக் காற்று. நெல்டா பத்து தடவையாவது வாசலுக்கு வந்து மரங்களைப் பார்த்தாள். ஞாயிறு காலை அடங்கியிருந்தது. பதினாலு பேர் வந்தார்கள். ருபெர்த்தோ விடியற்காலையிலேயே குடிலின் கால்களைத் தோண்டி விடுவித்துக் குறுக்கே நீண்ட கம்புகள் அடித்து வைத்திருந்தான். ஆளுக்கொரு இடம் பிடித்துக் குனிந்தார்கள். எலியாசர் குரல் கொடுத்தார். குடில் எழுந்தது.

ஆப்பிள் மரம்வரை நன்றாகத்தான் போனது. அங்கே, கடல் பக்கமிருந்து ஒரே ஒரு வீச்சு வந்தது. பிளாஸ்டிக் பாய்மரம்போல் புடைத்துக் குடில் முழுவதும் மேலே கிளம்பப் பார்த்தது. ஓரத்தில் இருந்த இரண்டு பேரின் கால் தரையை விட்டது.

“நான்தான் சொன்னேனே, ஓடும்னு,” என்றான் ருபெர்த்தோ, தொங்கிக்கொண்டே.

“பெருமை அப்புறம் பேசிக்கலாம், இழுய்யா கீழ,” என்று கத்தினாள் நெல்டா.

மடங்காத விரல்களால் பிடிக்க முடியாமல், முழங்கையைக் கம்பில் கொக்கிபோல் மாட்டித் தன் கனம் முழுவதையும் போட்டுத் தொங்கினாள். மிரேயா அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். மரக்கிளை ஒன்று பிளாஸ்டிக்கை இரண்டு முழம் கிழித்தது. அந்தக் கிழிசல் வழியாகக் காற்று சீறி வெளியேற, குடில் அமைதியாக இறங்கியது. கிழியாமல் இருந்திருந்தால் பக்கத்துத் தீவில் போய் எடுத்திருக்க வேண்டும் என்று மத்தியானம்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பதினொரு மணிக்குக் குடில், கிழிசலில் ஒட்டுப் போட்டபடி, கறுப்பு மண்ணின்மேல் நின்றது. கோழிக் குழம்பும், உருளைக்கிழங்கைத் துருவிப் பன்றிக்கொழுப்பு வைத்துச் சுட்ட மில்காவும், ஆப்பிள் கள்ளும் பரிமாறப்பட்டன. கையில் தட்டோடு நெல்டா உட்காரவே இல்லை. அடுத்தவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் குடிலுக்குள் போய் முள்ளங்கி விதைக்கத் தொடங்கிவிட்டாள். பிறகு பட்டாணி, கொத்தமல்லி. உயிரோடிருந்த அசெல்காவை வேர்மண்ணைக் கழுவி எடுத்துவந்து நட்டாள்.

செப்டம்பரில் மிரேயா நாலு தடவை போனாள். அதில் இரண்டு தடவைக்கு அலுவலகத்தில் காரணம் எழுத முடியவில்லை. பஸ்ஸுக்கும் லாஞ்சுக்கும் சொந்தக் காசு. ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். நெல்டா பார்க்காததுபோல் இருப்பாள்.

முதல் சனிக்கிழமை வந்தது. மேசைமேல் பதினெட்டுக் கட்டு முள்ளங்கி, பத்துக் கட்டு அசெல்கா, வெளித்தோட்டத்துப் பூண்டுத்தாள், விரல் நீளக் கொத்தமல்லி. எர்மினியா நிதானமாக வந்து, ஒரு முள்ளங்கிக் கட்டைக் கையில் தூக்கி ஆட்டினாள்.

“இதென்ன நெல்டா, முள்ளங்கியா, ஜெபமாலை மணியா?”

“ஜெபமாலைன்னே வெச்சுக்கோங்க. கடிச்சீங்கன்னா சாமி தெரிவாரு.”

எர்மினியா கடித்தாள். காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. எதுவும் சொல்லாமல் இரண்டு கட்டைக் கூடையில் போட்டுக்கொண்டு காசை வைத்தாள். பத்தரை மணிக்கு மேசை காலி. தூர நின்று பார்த்துக்கொண்டிருந்த மிரேயாவுக்கு அப்போதுதான் அடுத்த பயம் வந்தது. முள்ளங்கி முழுவதும் தீர்ந்துவிட்டது. இரண்டாவது விதைப்பு இன்னும் இரண்டு வாரத்துக்கு வராது. அசெல்காவிலும் பாதி இலைதான் மிச்சம். அடுத்த சனிக்கிழமைக்கு என்ன வைப்பது?

வியாழக்கிழமை அவள் பெல்தாவுக்குப் போனபோது நெல்டா குடிலுக்குள் பட்டாணிச் செடிகளின் முன் குந்தியிருந்தாள். செடிகள் முழங்கால் உயரம். பூக்க இன்னும் நாளிருந்தது. நெல்டா ஒரு கொழுந்தைக் கிள்ளி மென்றுகொண்டிருந்தாள்.

“பட்டாணி ருசிதான் இருக்கு. காய் வர்றவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?”

“கிள்ளினா காய்ப்பு தள்ளிப் போகும்க்கா.”

“தள்ளிப் போகட்டும். செத்துப் போகாதுல்ல?”

“சாகாது. பக்கத்துல ரெண்டு கிளை விடும்.”

“அது போதும்.”

இரண்டாவது சனிக்கிழமை மேசைமேல் பட்டாணிக் கொழுந்து குவியலாக இருந்தது. அதுவரை அந்தச் சந்தையில் யாரும் அதை விற்றதில்லை, வாங்கியதுமில்லை. நெல்டா ஒரு சின்ன அடுப்பும் பானையும் கொண்டுபோய், உருளைக்கிழங்கு சூப்பில் கடைசி நிமிஷத்தில் ஒரு பிடி கொழுந்தைப் போட்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அரைக் கோப்பை கொடுத்தாள். “வேலித் தழைய விக்கிறா பாரு,” என்றாள் எதிர் மேசைக்காரி. அதைச் சொன்னவளே மதியம் ஒரு கட்டு வாங்கினாள்.

திங்கட்கிழமை ஆலையிலிருந்து போன் வந்தது. மிரேயா அப்போது அங்கேதான் இருந்தாள். நெல்டாவின் கையெல்லாம் மண். ருபெர்த்தோ போனை அவள் காதில் பிடித்தான்.

“இல்ல சார். இந்த சீசன் வரல.” மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். “உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் வரல.”

ருபெர்த்தோ போனை அணைத்தான். “என்ன நின்னு பாக்குறீங்க ரெண்டு பேரும், அந்த வாளியக் குடுங்க,” என்றாள் நெல்டா.

மூன்றாவது சனிக்கிழமை புது முள்ளங்கி வந்தது. நாலாவதில் கொத்தமல்லி ஒரு சாண் உயரம் இருந்தது. அன்று மாலை எர்மினியா வந்து, மேசையின் காலில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்த பழைய பெயரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, “நீயே எழுதிக்கோ, உன் பேருக்கு எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது,” என்றாள். நெல்டா கோணல் எழுத்தில் எழுதினாள்.

பழைய இடத்தில் மழை இறங்கிக்கொண்டே இருந்தது. நவம்பரில் அங்கே மண்ணை நாக்கில் வைத்தபோது மண் ருசிதான் இருந்தது. நெல்டா அங்கே உருளைக்கிழங்கு போட்டாள். முள்ளங்கியில் கிடைத்ததைவிட அதில்தான் அவளுக்கு அதிகத் திருப்தி என்று மிரேயாவுக்குத் தோன்றும்.

டிசம்பரில் அடுத்த குளிர்காலத்துக்கான பட்டியல் வந்தது. சுற்றியுள்ள தீவுகளில் பன்னிரண்டு பெண்களுக்குக் குடில். நெல்டாவின் சமையலறையில் காபி குடித்தபடி மிரேயா பெயர்களை வாசித்தாள். பன்னிரண்டு வீடும் கடலைப் பார்த்த வீடு. குடிலுக்குள் பாசி போட வேண்டாம் என்று காகிதம் அச்சடித்து எல்லாருக்கும் கொடுக்கப்போவதாகச் சொன்னாள்.

நெல்டா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

“காகிதத்த வாங்கி அடுப்புப் பத்தவெப்பாங்க புள்ள. பாசி போடாதேன்னு ஒரு சின்னப் பொண்ணு சொன்னா எவ கேப்பா? நானே கேட்டிருக்க மாட்டேன். நீ போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. என் தோட்டத்த நானே எப்பிடி ஊறுகா போட்டேன்னு நான் சொல்றேன். சிரிப்பாங்க. சிரிச்சுட்டா மறக்க மாட்டாங்க. பன்னண்டு வீட்டுக்கும் வரேன், மழையடிச்சாலும் வரேன். சனிக்கிழமையில மட்டும் வெச்சுராத.”